முதல் திரையில் இருந்த பெயர்

அருணாசலேசுவரர் துணை
தேரடி வீதி,
திருவண்ணாமலை.
12-2-1986

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு அண்ணன் தருமன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ராஜம்மாளும் மகள் வேதாவும் மலையான் புண்ணியத்தில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை சுப்பிரமணியும் அங்கே எப்படி இருக்கிறீர்கள்? மாப்பிள்ளைக்கு முதுகு வலி கம்மியா, ஜாஸ்தியா, மறக்காமல் எழுது.

போன மாதம் நீ வந்து கம்ப்யூட்டர் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன ஜாதக புரோகிராம் சக்கைப்போடு போடுகிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டும் ஜெராக்ஸ் மிஷினும் இத்தனை வருஷமாக வாங்கிக் கொடுக்காத மரியாதையை இது வாங்கிக் கொடுத்துவிட்டது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டம் போட்டு, தசாபுத்தி எழுதி, அச்சடித்துத் தள்ளுகிறது. அதுவும் தமிழில்! நம் பங்காளி காசி கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தவன், பிரிண்டர் கிரீச்சிட்டு ஓடுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "இன்னாண்ணா இது, மிஷினுக்கு ராகு கேதுல்லாம் தெரியுது!" என்றான். கடைக்கு 'ஸ்ரீ அருணா கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டியாயிற்று.

ஒரு சின்ன விஷயம். பெட்டியைப் போட்டதும் முதல் திரையில் 'ஆக்கம்: கஸ்தூரி' என்று வருகிறதல்லவா, வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "யாருங்க கஸ்தூரி, பொம்பளையா?" என்று இழுக்கிறார்கள். ஜாதகம் பார்க்க வருகிறவன் மனசு உனக்குத் தெரியாததா? அதை எடுத்துவிட்டு ஒரு பிள்ளையாரும் கடைப் பெயரும் போட்டால் லட்சணமாக இருக்கும். எப்படி எடுப்பது என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டால் போதும்.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் நன்மையையே நினைக்கும்
தருமன்

அரும்பாக்கம்,
சென்னை.
2-3-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

கஸ்தூரியின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அவருக்கு முதுகு வலி பரவாயில்லை. எண்ணெய் தேய்த்து விடுகிறேன். வேதா பிளஸ் டூ பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாளா? பரீட்சை நேரத்தில் அவளைக் கடையில் உட்கார வைக்காதீர்கள்.

பெயரை எடுக்க முடியாது. வழி இல்லை என்று சொல்லவில்லை, மாட்டேன் என்று சொல்கிறேன்.

அதை எழுத எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து முடித்து, முதலாளி அனுமதி கொடுத்ததால் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் கிராஃப் தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து நான்தான் கற்றுக்கொடுத்தேன். 'ழ'வின் கால் மட்டும் எத்தனை முறை மாற்றியும் கோணலாகவே நின்றது, கடைசியில் விட்டுவிட்டேன். "இந்த ரெண்டு வருசத்துல ஒரு புள்ளய பெத்திருக்கலாம்" என்று மாமியார் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் வரைந்தேன்.

இன்னொன்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உங்களுக்குக் கொடுத்தது புரோகிராமை அல்ல, அதை உபயோகிக்கும் அனுமதியை மட்டும். லாட்ஜில் ரூம் எடுத்தவன் தங்கலாம், தூங்கலாம். ரூமை இன்னொருவனுக்கு விற்க முடியாது. வெளிநாட்டுக் கம்பெனிகள் காசு வாங்கிக்கொண்டே இந்த நிபந்தனையைத்தான் போடுகின்றன. நான் உங்களிடம் காசு கேட்கவில்லை. உங்கள் கடையில், உங்கள் ஒரே மிஷினில், உங்கள் காலம் முழுக்க ஓட்டுங்கள். நகல் எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். முதல் திரையைத் தொடாதீர்கள். புத்தகம் எழுதியவனுக்கு என்ன உரிமை உண்டோ அது புரோகிராம் எழுதியவருக்கும் உண்டு என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

அப்பா போனதும் நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் கொண்டுவந்தீர்கள். எங்கே போடணும் என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்கென்று இருப்பது இப்போது அந்த ஒரு வரிதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன், அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கள் தங்கை
கஸ்தூரி

அருணாசலேசுவரர் துணை
திருவண்ணாமலை.
20-4-1986

அன்புத் தங்கைக்கு,

வருஷப் பிறப்பு நல்லபடியாகப் போயிற்று. அண்ணி வேப்பம்பூ பச்சடி வைத்தாள், நீ இருந்தால் வெல்லம் ஜாஸ்தி என்று குறை சொல்லியிருப்பாய். எல்லோரும் தேக ஆரோக்கியத்தோடு இருக்கிறோம். வேதா பரீட்சை எழுதிவிட்டாள்.

உன் கடிதம் படித்தேன். பெயர் விஷயத்தில் நீ இவ்வளவு கோபப்படுவாய் என்று நினைக்கவில்லை. விடு. உனக்குப் பிடிக்காததை நான் செய்வேனா?

ஒரு வேடிக்கை கேள். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர் கடைக்கு வந்தார். ஜாதகம் வேண்டாமாம், புரோகிராம் வேண்டுமாம். "ஒரு காப்பி கொடுங்க" என்றார். சரி என்றேன். உடனே எடுத்துக்கொள்ளவில்லை. "எழுதினது யாரு? அவங்க கொடுக்கலாம்னு சொல்லியிருக்காங்களா? எங்க ஊருல சில பேரு தாராளமா காப்பி பண்ணிக்கன்னு விடுவாங்க, புடிச்சா எழுதினவனுக்குப் பணம் அனுப்பணும், அது மாதிரியா?" என்று துருவுகிறார். யாருமே பார்க்காதபோது பணம் அனுப்புகிறவன் அங்கே இருக்கிறானாம்! வயிறு வலிக்கச் சிரித்தேன். மனிதர் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

எதிரே பூஜை சாமான் கடை அப்பாசாமிக்கு வயிற்றெரிச்சல். போட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்று அவர் மருமகன் வாங்கிப் போட்டான். அதில் போட புரோகிராம்தான் இல்லை. மிஷின் மேல் துணி போர்த்தி மாலை சாத்தி வைத்திருக்கிறார்.

வேலூர் வரைக்கும் இரண்டு மூன்று தடவை போய்வர வேண்டியிருந்தது, அதனால்தான் பதில் தாமதம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

தருமன்

அரும்பாக்கம்,
சென்னை.
9-9-1986

அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இவருடைய சித்தப்பா காஞ்சிபுரத்திலிருந்து வந்தார். பேத்திக்குக் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்தோம் என்று பெருமையாக ஒரு தாளைப் பிரித்துக் காட்டினார். தலைப்பில் 'வாழ்க வளமுடன்' என்று இருந்தது. அதில் 'ழ'வின் கால் கோணல். பெற்றவளுக்குப் பிள்ளையின் நடை தெரியாமல் போகுமா? தாளின் அடியில் 'ஆக்கம்: கீ. தருமன், திருவண்ணாமலை' என்று இருந்தது.

காபி கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். சித்தப்பா அங்கிருந்தபடியே, "உங்கண்ணன் இம்மாம் பெரிய ஆளுன்னு நீ சொல்லவே இல்லியேம்மா" என்றார்.

வேலூருக்கு எதற்குப் போனீர்கள் என்று இப்போது கேட்கிறேன். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? யார் என் பெயரை எடுத்தது? உங்களுக்கு அது தெரியாது, ஒரு வரி எழுதத் தெரியாது.

கஸ்தூரி

அருணாசலேசுவரர் துணை
திருவண்ணாமலை.
5-10-1986

தங்கை கஸ்தூரிக்கு,

சுகம் விசாரிக்கக்கூட உனக்கு மனசு வரவில்லை. நான் விசாரிக்கிறேன். எல்லோரும் நன்றாக இருங்கள்.

ஆமாம், கொடுத்தேன். வேலூரில் இருசப்பன் என்று ஒருவர், ஜோசியர்களுக்குக் கம்ப்யூட்டர் விற்கிறார். என் கடையில் இருக்கும் மிஷினும் அவர் தவணையில் கொடுத்ததுதான். ஒவ்வொரு மிஷினோடும் நம் புரோகிராமையும் போட்டுக் கொடுக்கிறார். அவருடைய மெக்கானிக்குதான் முதல் திரையை மாற்றினான். இதில் உனக்கு என்ன நஷ்டம்? நான் ஜெராக்ஸ்காரன், கஸ்தூரி. ஒரு பத்திரத்தை நூறு தடவை நகல் எடுத்தாலும் அசலில் ஒரு எழுத்து குறைவதில்லை. உன்னிடம் இருந்தது உன்னிடம் அப்படியே இருக்கிறது. எதைத் திருடினேன் சொல்.

அப்பா போகும்போது நீ காலேஜ் முதல் வருஷம். கடலைக்காய் போட்டு, மழை இல்லாமல் காய்ந்து, வட்டிக்கு வாங்கி உன்னைப் படிக்க வைத்தது யார்? உன் தலைக்குள் ஏறின ஒவ்வொரு எழுத்தும் இந்த வீட்டுச் சொத்து. நான் படிக்க வைத்ததால்தான் நீ எழுதினாய். என் பெயர் போட்டால் என்ன குடி முழுகிவிடும்? உன் பெயரைத் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? வேறு வீட்டுக்குப் போன பெண் நீ.

இத்தோடு ஒரு முத்திரைத் தாள் வைத்திருக்கிறேன். நான் சொல்லி, என் செலவில் நீ தட்டிக் கொடுத்தாய், சகல உரிமையும் எனக்கே என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார். வட ஆற்காடு முழுக்கத் தனக்கு மட்டும் என்று இருசப்பன் ஒப்பந்தம் போடப் போகிறார். அதற்கு இந்தக் காகிதம் வேண்டும். நிலத்துக்குப் போட்ட அதே கையெழுத்து, அதே கீழ் ஓரம். கோபத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அனுப்பு.

உன் அண்ணன்
தருமன்

அரும்பாக்கம்,
சென்னை.
17-11-1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை கஸ்தூரி நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே மழை கொட்டுகிறது. வீதியெல்லாம் முழங்கால் தண்ணீர், மற்றபடி சுகம். தீபத்துக்கு மலைக்குக் கொப்பரை ஏற்றும்போது எங்கள் பெயரையும் நினைத்துக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதமாக யோசித்தேன். நீங்கள் சொல்வது சரிதான். வேறு வீட்டுக்குப் போன பெண் பெயரை வைத்து என்ன செய்யப் போகிறாள்? அண்ணன் தங்கைக்குள் எதற்கு இவ்வளவு வேலி?

காகிதத்தில் ஒரு குறை இருக்கிறது. புரோகிராம் இப்போது யார் யாரிடம் இருக்கிறது என்று அதில் சொல்லவே இல்லை. நாளைக்கு ஒருவன் வந்து, நான் முன்பே வாங்கினேன் என்று தகராறு செய்தால் உங்களுக்குத்தானே கஷ்டம்? இருசப்பனிடம் வாங்கின எல்லோருடைய பெயரையும் ஊரையும் கடை விலாசத்தையும் அனுப்புங்கள். ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். நான் எல்லாவற்றையும் முறையாக முடித்து அனுப்புகிறேன்.

வேதா காலேஜில் சேர்ந்தாளா? அவளை நினைத்தால் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

தங்கள் அன்புத் தங்கை
கஸ்தூரி

அருணாசலேசுவரர் துணை
திருவண்ணாமலை.
22-12-1986

என் அருமைத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்து அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். "நம்ம கஸ்தூரி கோவம் பால் பொங்குறாப்ல, தண்ணி தெளிச்சா அடங்கிடும்" என்றாள். தீபம் ஏற்றின அன்று கடையில் நிற்க இடமில்லை. வேதா காலேஜில் சேர்ந்து பஸ்ஸில் போய்வருகிறாள்.

நீ கேட்ட விலாசங்கள் எல்லாம் தனித்தாளில் இருக்கின்றன. வேலூர், ஆற்காடு, ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி, இந்தப் பக்கம் காஞ்சிபுரம் என்று பரவிவிட்டது, பார். இருசப்பன் கெட்டிக்காரர். ஒவ்வொரு ஊரிலும் ஒருவருக்குத்தான் கொடுக்கிறார். "உங்க ஊருல இது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்" என்று சத்தியம் பண்ணித்தான் மிஷினையே விற்கிறார். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு எவன் கைக்கும் போகாது என்று நானே பொறுப்பு ஏற்றிருக்கிறேன். உன் காகிதம் வந்தால் சேர்த்துத் தைத்துவிடலாம்.

கார்த்திகைச் சீராக உனக்கு ஒரு ஆரணிப் பட்டு எடுத்து காசி மூலம் அனுப்பியிருக்கிறேன். மயில் கழுத்து நிறம், அண்ணி தேர்ந்தெடுத்தாள். கல்யாணமான பிறகு உனக்கு நான் எடுக்கும் முதல் பட்டு. கட்டிக்கொண்டு மாப்பிள்ளையோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

மகிழ்ச்சியுடன்
அண்ணன் தருமன்

அரும்பாக்கம்,
சென்னை.
16-2-1987

அண்ணனுக்கு,

பட்டுப்புடவை கிடைத்தது. நிறம் நன்றாக இருக்கிறது. போன வாரம் அதைக் கட்டிக்கொண்டுதான் தபாலாபீஸுக்குப் போனேன்.

நீங்கள் அனுப்பிய விலாசம் ஒவ்வொன்றுக்கும் புரோகிராமைப் பதிந்த ஒரு பிளாப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் எதிர்க்கடை அப்பாசாமிக்கும் ஒன்று. அவர் மிஷினுக்கு மாலை சாத்தி வைத்திருப்பதாக நீங்கள்தானே எழுதினீர்கள். இங்கே கம்ப்யூட்டர் சங்கம் வைத்திருப்பவர்களுக்கும், சென்டரில் படித்த என் மாணவர்களுக்கும் கொடுத்தாயிற்று. உள்ளே நான் எழுதின வரி முழுவதும், தமிழ் எழுத்துப் புள்ளி உட்பட, திறந்தே இருக்கிறது. கூடவே ஒரு தாளில் இப்படி எழுதி வைத்தேன்: 'யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். நகல் எடுக்கலாம். மாற்றலாம். விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். பக்கத்துக் கடைக்காரர் கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். பிழை இருந்தால் யாரும் பொறுப்பல்ல.'

எழுதினதைக் கொடுப்பதில் பல விதம் உண்டு, அண்ணா. பெட்டியில் சீல் வைத்து, உறையைக் கிழித்தாலே நிபந்தனைக்குச் சம்மதம் என்று கொடுப்பது ஒன்று. உங்களுக்கு நான் கொடுத்தது உறையில்லாமல், வாய்ச்சொல்லை நம்பி. சிரித்தீர்களே, அந்த வெள்ளைக்காரர் சொன்ன முறையும் இருக்கிறது. நகல் தாராளம், பிடித்தால் எழுதியவருக்கு அனுப்பு என்பது. எதிராளிக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அது நடக்கும். சும்மா கொடுக்கிறேன், ஆனால் என் பெயரை அழிக்காதே என்று சொல்வது இன்னொன்று. எனக்கு ஆசை அதன் மேல்தான். ஆனால் அழிக்காதே என்று சொன்னால் அழிக்கப் போவது நீங்கள், கோர்ட்டு வாசலில் வெயிலில் நிற்கப் போவது நான்.

அதனால் கடைசி விதத்தை எடுத்துக்கொண்டேன். சொந்தமே வேண்டாம் என்று கைகழுவி ஊருக்கு விட்டுவிடுவது. என் பெயரையும் நானே எடுத்துவிட்டேன். எடுக்கும்போது அழுதேன். இரண்டு வருஷ உழைப்பை ஒரு பொத்தானில் அநாதையாக்கினேன். எனக்கு இல்லாவிட்டால் போகட்டும், உங்களுக்கு இருக்கக்கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு. அசலில் ஒரு எழுத்து குறையாது என்று எழுதினீர்களே, இப்போது உங்களிடமும் ஒரு எழுத்து குறையவில்லை. இருசப்பனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இதில் உங்களுக்கும் அனுமதி உண்டு. தாராளமாக ஓட்டுங்கள், யாரையும் கேட்க வேண்டாம்.

முத்திரைத் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். அண்ணியையும் வேதாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கஸ்தூரி

திருவண்ணாமலை.
19-3-1987

கஸ்தூரிக்கு,

அப்பாசாமி கடையில் போர்டு வைத்துவிட்டான். அர்ச்சனைத் தட்டு வாங்கினால் கம்ப்யூட்டர் ஜாதகம் இலவசமாம். தேங்காய் பழத்தோடு சேர்த்துச் சுற்றிக் கொடுக்கிறான். உனக்குச் சந்தோஷம்தானே?

இருசப்பன் ஆட்களோடு வந்தார். தெருவே பார்க்க, "சத்தியம் பண்ணிக்கினு மோசம் பண்ணிட்டியே, நீயெல்லாம் மனுசனா?" என்று சட்டையைப் பிடித்தார். மிஷினையும் பிரிண்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ராஜம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பாசாமி கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

அண்ணன் சட்டையைத் தெருவில் பிடிக்க வைத்த தங்கை நீ. எனக்கு உடன்பிறந்தவள் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். கடிதம் போடாதே. போட்டால் பிரிக்காமல் கிழிப்பேன்.

கீ. தருமன்

திருவண்ணாமலை.
24-8-1988

கஸ்தூரிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதைப் பிரிப்பாயோ மாட்டாயோ தெரியவில்லை. கடை பழையபடி ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. அண்ணிக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள்.

வேதாவுக்கு ஆரணியில் ஒரு இடம் பொருந்தி வந்தது. பையன் ஆஸ்பத்திரியில் லேப் வேலை, நல்ல மாதிரி. வேதாவுக்கும் பிடித்திருக்கிறது, அதை அவளே வாய்விட்டுச் சொன்னாள். பூ வைக்கிற வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

நான் அடித்துக் கொடுத்த ஜாதகத்தில் வேதாவுக்கு மக நட்சத்திரம். பையனின் அம்மா தங்கம்மாள் ஆரணியில் ஒரு ஜோசியரிடம் போய்ச் சரிபார்த்திருக்கிறாள். அவரிடம் இருப்பது நீ ஊருக்கு விட்ட அதே புரோகிராம். அதில் ஆயில்யம் என்று வந்திருக்கிறது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று நம் பக்கம் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

நடந்தது இதுதான். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்று புரோகிராம் முதலில் கேட்கும் இல்லையா? இரண்டிலும் நட்சத்திரம் மாறும் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஊரில் எல்லோருக்கும் நான் வாக்கியம்தான் போடுவேன். வேதாவுக்கு வாக்கியத்தில் ஆயில்யம் வந்தது. திருக்கணிதத்தில் போட்டுப் பார்த்தேன், மகம் வந்தது. மிஷின் இருந்த நாளிலேயே அதை அச்சடித்து வைத்துவிட்டேன். எந்த அப்பன் செய்யமாட்டான்?

"பெத்த பொண்ணு ஜாதகத்தையே மாத்துனவன் வூட்ல பொண்ணு எடுக்கமாட்டோம்" என்கிறார்கள். இரண்டு நட்சத்திரத்தின் எல்லையில் பிறந்த குழந்தை, இரண்டும் சரிதான் என்று சொன்னேன். "புரோகிராம் எழுதினவன் நீதானே, உன் பேச்ச நீயே சாட்சி சொல்லிக்கினா எப்படி?" என்றார்கள். நான் எழுதவில்லை, என் தங்கை எழுதினாள் என்றேன். சிரிக்கிறார்கள், கஸ்தூரி. இத்தனை வருஷம் நான் எழுதினேன் என்று ஊரெல்லாம் சொன்னேன், இப்போது உண்மையைச் சொன்னால் பொய் என்கிறார்கள்.

எழுதியவள் நீதான். யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்கிறேன். வேதா சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறாள். எனக்காக வேண்டாம். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுது.

தருமன்

அரும்பாக்கம்,
சென்னை.
19-9-1988

திரு. தருமன் அவர்களுக்கு,

நாங்கள் சௌக்கியம். அண்ணியின் மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரையில் அலட்சியம் கூடாது.

கடிதம் எழுதினால் யார் எழுதிக் கொடுத்தது என்று அதையும் சந்தேகப்படுவார்கள். உங்கள் மேல் நம்பிக்கை அப்படி இருக்கிறது. அதனால் நானே ஆரணிக்குப் போனேன். மயில் கழுத்துப் பட்டைக் கட்டவில்லை. சென்டருக்குக் கட்டும் புடவையில் போனேன்.

ஜோசியரின் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். தங்கம்மாளும் அவர் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தார்கள். வேதா பிறந்த நேரம் ஆஸ்பத்திரி நர்ஸ் குறித்தது. அவளுக்கு எப்போது கை ஒழிந்ததோ அப்போது குறித்திருப்பாள். அதை அவர்களிடம் சொன்னேன். வாக்கியத்தையே போட்டேன். குறித்த நேரத்தைத் தட்டினேன், ஆயில்யம். ஐந்து நிமிஷம் கூட்டினேன், மகம். திரும்பக் குறைத்தேன், ஆயில்யம். தங்கம்மாளையே தட்டச் சொன்னேன். அந்த அம்மாள் முன்னும் பின்னும் நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, அஞ்சு நிமிசத்துல நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன்!" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜோசியர் நான் உள்ளே திறந்து காட்டின வரிகளைப் பார்த்துவிட்டு, "இத எழுதினது நீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றரை வருஷமாக எவரிடமும் சொல்லாத வார்த்தை. "திருவண்ணாமலைல தருமன்னு ஒருத்தரு எழுதினதா சொன்னாங்களே" என்றார். "அவருக்கு எழுதத் தெரியாது. ஜெராக்ஸ் எடுக்கத் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேனோ என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். பாதி அதற்குத்தான்.

சம்பந்தம் சம்மதம் என்று தங்கம்மாள் என் கையைப் பிடித்துச் சொன்னார். தை மாதத்தில் நாள் பார்க்கிறார்கள். உங்களுக்கும் இந்த வாரம் ஆள் வரும். வேதாவை எழுந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

எழுதியவள் நீதான் என்று யார் முன்னாலும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இனி யாரிடமும் சொல்ல வேண்டாம். எனக்கு அது வேண்டியிருந்த நாளில் நீங்கள் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு வருவேன். முதல் நாளே வருவேன். பெண்ணுக்கு அத்தை செய்ய வேண்டிய முறை எதுவும் குறையாது. உங்களோடு மட்டும் பேச மாட்டேன். நீங்களாக வந்து பேச்சுக் கொடுக்க வேண்டாம். நாலு பேர் நடுவில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேதாவுக்கு அசிங்கம்.

கஸ்தூரி